‘மாட்டேன்’ என்பதும் ‘முடியவில்லை’ என்பதும்

பிள்ளைக்குப் பெயர் சூட்டும் வைபவம் ஒரு முறைதான் நடைபெறுகின்றது என்று நாம் எண்ணுகின்றோம். சில பிள்ளைகளுக்கோ அது நாள்தோறும் நடைபெறுகின்றது. ‘குழப்படிக்காரன்’, ‘துடியன்’, ‘சொல்வழி கேளாதவன்’, ‘சோம்பேறி’, ‘பொறுப்பில்லாதவன்’ என்று வீட்டிலும் பாடசாலையிலும் அயலிலும் அவர்களுக்குச் சூட்டப்படும் பெயர்கள் பல. இவற்றைச் சூட்டுபவர்கள் தீயவர்களல்லர். பெற்ற தாயும், பாடஞ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரும், பேரப்பிள்ளையில் உயிரையே வைத்திருக்கும் அம்மம்மாவுந்தான் பெரும்பாலும் சூட்டுகின்றனர். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதன் விளைவு அது.

பிள்ளைகளின் குழப்படி பெரும்பாலும் வயதோடு வந்து வயதோடு போவது. ஓடி விளையாடாமலும் கேள்வி கேளாமலும் ஒரு மூலையில் முடங்கிக் கிடக்கும் பிள்ளையைக் கண்டுதான் நாம் கவலைகொள்ள வேண்டும். ஆயினும் எல்லாக் குழப்படியும் ஒரே வகையினதன்று. பல நாடுகளிலும் செய்யப்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும்போது, நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 5 பேரிடம் காணப்படும் துடியாட்டமும் கவனச் சிதறலும் வைத்தியர்கள் ஆராய்ந்து பெயரிட்டுள்ள ஒரு கோளாற்றின் அறிகுறிகளாக இருக்கின்றன. நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பொன்றில் இருவர் என்று இதனைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ‘அவதானக் குறைபாட்டு மிகையியக்கக் கோளாறு’ என்பது அதன் பெயர். ‘ஏ.டி.எச்.டி.’ என்னும் ஆங்கில எழுத்துக்களாலும் அது வழங்கப்படுகின்றது. வாசிப்பதற்கு இலகுவாக இங்கே ‘அவதானக் குறைபாடு’ என்றே குறிப்பிடுவோம்.

இக்கோளாற்றைப் பற்றிப் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியவற்றுள் முதன்மையானது ஒன்றுண்டு. ‘செய்யமாட்டேன்’ என்று மறுக்கும் பிள்ளைக்கும், ‘செய்ய முடியவில்லை’ என்று தவிக்கும் பிள்ளைக்கும் வெளித்தோற்றத்தில் வேற்றுமை தெரிவதில்லை. இருவரும் செய்யாமலே இருக்கின்றனர். முதலாமவனுக்குப் பொருந்தும் வைத்தியம் இரண்டாமவனுக்குப் பொருந்தாது என்பது மட்டுமன்று, அது அவனுக்குத் தீங்கும் விளைவித்துவிடும்.

அறிகுறிகள் யாவை?

இக்கோளாறு இரண்டு வழிகளில் வெளிப்படுகின்றது. ஒன்று, கவனத்தை ஒரு பொருளில் நிலைநிறுத்த இயலாமை. இத்தகைய பிள்ளை கணக்கை அறிந்திருந்தும் கூட்டற் குறியைக் கழித்தற் குறியாக வாசித்துவிடும். கொப்பியையும் பென்சிலையும் குடையையும் நாள்தோறும் எங்கேனும் விட்டுவிட்டு வரும். தொடங்கிய வேலையை நடுவில் விட்டு அடுத்ததற்குத் தாவும். எதிரே நின்று பேசினாலும் செவியிற் படாததுபோல் இருக்கும்.

மற்றது, உடலையும் எண்ணத்தையும் அடக்கிவைக்க இயலாமை. நாற்காலியில் அமர்ந்தால் கால் ஆடும். கால் ஓய்ந்தால் கை மேசையைத் தட்டும். ஆசிரியர் கேள்வியை முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவான். விளையாட்டில் தன் முறை வரும்வரை பொறுத்திருக்க மாட்டான். மதிலைக் கண்டால் ஏறுவான். தெருவைக் கண்டால் ஓடுவான். விழுந்தால் என்னவாகும் என்னும் எண்ணம் விழுந்த பின்னரே வரும். சில பிள்ளைகளிடம் முதல் வகை மாத்திரம் உண்டு; சிலரிடம் இரண்டாவது; பலரிடம் இரண்டும் கலந்திருக்கும்.

இவற்றுட் சில எந்தப் பிள்ளையிடமும் காணப்படுமே என்று வாசகர்கள் வினவலாம். நியாயமான வினாவே. அதனாற்றான் வைத்தியர்கள் கடுமையான அளவுகோல்களை வகுத்துள்ளனர். அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட கைந்நூல், மேற்கூறிய இரு வகைகளுக்கும் தனித்தனியே ஒன்பது அறிகுறிகளை வகுத்து, யாதேனும் ஒரு வகையில் ஆறேனும் பிள்ளையிடம் இருத்தல் வேண்டும் என்கின்றது. அவை ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்னரே தோன்றியிருக்க வேண்டும். வீடு, பாடசாலை போன்ற இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். பிள்ளையின் கல்வியையோ உறவுகளையோ உண்மையாகவே பாதித்திருக்கவும் வேண்டும். வீட்டில் மாத்திரம் குழப்படி செய்து பாடசாலையில் அமைதியாயிருக்கும் பிள்ளைக்கு, அல்லது சென்ற மாதந்தான் திடீரென்று மாறிய பிள்ளைக்கு, வேறு காரணம் தேடுவதே முறை.

விரும்பியதில் மாத்திரம் எப்படி ஈடுபடுகிறான்?

பெற்றோர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இது: “பட்டம் கட்ட உட்கார்ந்தால் மூன்று மணித்தியாலம் அசையமாட்டான். கைத்தொலைபேசியில் விளையாடத் தொடங்கினால் சாப்பாடே வேண்டாம். பாடப் புத்தகத்தைத் திறந்தால் மாத்திரம் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறான். இது பாசாங்கல்லாமல் வேறென்ன?”

பாசாங்கன்று. இக்கோளாற்றின் பெயரே நம்மை மயக்குகின்றது. இப்பிள்ளைகளிடம் கவனம் இல்லாமற் போகவில்லை. அதனை வேண்டிய இடத்திற்கு வேண்டிய நேரத்தில் திருப்பும் ஆற்றலே வலுவிழந்திருக்கின்றது. பட்டம் கட்டும்போது வேலையே கவனத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றது. ஒவ்வொரு ஈர்க்கை வளைத்தவுடனும் பலன் கண்ணெதிரே தெரிகின்றது. கைத்தொலைபேசி விளையாட்டில் நொடிக்கு நொடி வெகுமதி கிடைக்கின்றது. பத்துக் கணக்குகளைச் செய்வதில் அவ்வாறான இழுப்பு எதுவுமில்லை. கவனத்தை உள்ளிருந்து தள்ளிச் செலுத்தவேண்டியிருக்கின்றது. நம்மில் பெரும்பாலோர் அறியாமலே செய்யும் அந்தத் தள்ளுதலே இப்பிள்ளைக்கு மலையைப் பெயர்ப்பதுபோல் இருக்கின்றது.

இதனுடன் மனத்தில் இரண்டு மூன்று செய்திகளை ஒருங்கே வைத்திருக்கும் ஆற்றலும் அநேகமாகக் குறைந்திருக்கும். “முகம் கழுவி, உடுப்பு மாற்றி, புத்தகப்பையை எடுத்துக்கொண்டு வா” என்று தாய் சொன்னால், முகம் கழுவும்போதே மற்றிரண்டும் மறைந்துவிடுகின்றன. கிணற்றடியில் தண்ணீரில் விளையாடிக்கொண்டு நிற்கும் பிள்ளை தாயின் சொல்லைத் தட்டவில்லை. அச்சொல் அவன் மனத்தில் இப்போது இல்லை.

இது புதிய நோயா?

முந்திய காலத்தில் இப்படியொன்றும் இருக்கவில்லை, இக்காலத்து வைத்தியர்கள் உண்டாக்கியதே இது என்று சொல்வோருண்டு. வரலாறு வேறு விதமாகக் கூறுகின்றது. ஸ்கொட்லாந்து நாட்டு வைத்தியரான அலெக்சாண்டர் கிறைற்றன் 1798ஆம் ஆண்டிலேயே, ஒரு பொருளில் மனத்தை நிலைநிறுத்த இயலாத நிலையைத் தமது நூலில் விவரித்தார். 1840களில் ஜெர்மனியின் பிராங்போர்ட் நகர வைத்தியர் ஹைன்றிக் ஹொவ்மன் வெளியிட்ட சிறுவர் படக்கதை நூலில், சாப்பாட்டு மேசையில் அமைதியாயிருக்க இயலாத பிலிப் என்னும் சிறுவன் வருகின்றான். நாற்காலியோடு ஆடி ஆடி விழுந்து, மேசைவிரிப்போடு பாத்திரங்களையும் இழுத்துக்கொண்டு போகும் அவனை ஒவ்வொரு ஊரிலும் காணலாம்.

1902ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் கல்லூரியில் ஜோர்ஜ் ஸ்ரில் என்னும் சிறுவர் வைத்தியர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் இத்துறையில் முக்கியமானவை. தம்மைத்தாமே அடக்க இயலாத 43 பிள்ளைகளைப் பற்றி அவர் எடுத்துரைத்தார். அவர்களுட் பலரிடம் அறிவுக் குறைவு இல்லை என்பதை அவர் கண்டார். தண்டனை பெற்ற பிள்ளை சில மணித்தியாலங்களுள் அதே தவறை மீண்டும் செய்வதையும் அவர் கவனித்தார். நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் நமது வீடுகளில் நாம் காண்பது அதுதான்.

பின்னர், 1937ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில், நடத்தைக் கோளாறுடைய பிள்ளைகளைப் பராமரிக்கும் வைத்தியசாலையொன்றில் சாள்ஸ் பிறாட்லி என்பவர் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். பரிசோதனையொன்றின் பின் உண்டாகும் தலைவலிக்கென அவர் பென்சிட்றீன் என்னும் ஊக்க மருந்தைக் கொடுத்திருந்தார். தலைவலி பெரிதாகத் தணியவில்லை. ஆனால் சில பிள்ளைகள் பாடங்களில் அமைதியாக ஈடுபடத் தொடங்கினர். முறையாகச் சோதித்தபோது 30 பிள்ளைகளில் ஏறக்குறைய அரைவாசிப்பேரிடம் கல்வியில் வியக்கத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. பிள்ளைகளே அவற்றைக் ‘கணக்கு மாத்திரை’ என்று அழைத்தனராம். படிக்க விரும்பாத பிள்ளைகள் என்று கருதப்பட்டவர்கள், இயலுமான நிலை வந்தவுடன் படிக்கத் தலைப்பட்டனர் என்பதை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

பெயர் மாத்திரம் காலத்துக்குக் காலம் மாறிவந்துள்ளது. முதலில் துடியாட்டமே பெரிதாகத் தெரிந்தது. 1980ஆம் ஆண்டில் கவனக் குறைவுக்கு முதலிடம் கொடுத்துப் பெயரிட்டனர். 1987இல் இன்றைய பெயர் அமைந்தது.

மூளையில் நிகழ்வது என்ன?

2007ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இக்கோளாறுள்ள 223 பிள்ளைகளின் மூளையையும், கோளாறற்ற 223 பிள்ளைகளின் மூளையையும் படம்பிடித்து ஒப்பிட்டனர். மூளையின் மேற்பட்டை பிள்ளைப் பருவத்தில் தடித்து, ஓர் உச்சத்தையடைந்து, பின் மெல்ல மெலிவது இயல்பு. ஏனைய பிள்ளைகளிடம் இவ்வுச்சம் ஏறக்குறைய ஏழரை வயதில் வந்தது. அவதானக் குறைபாடுள்ளவர்களிடம் பத்தரை வயதிலேயே வந்தது. மூன்று ஆண்டுத் தாமதம்! கவனத்தையும் அடக்கத்தையும் ஆளும் முன்மூளைப் பகுதியிலேயே தாமதம் மிகுதி. உடல் அசைவை ஆளும் பகுதியோ இப்பிள்ளைகளிடம் சற்று முந்தியே வளர்ந்திருந்தது. சைக்கிளில் மிதி பலமாயிருக்க, பிரேக் பிந்திப் பூட்டப்பட்டது போன்ற நிலை இது. பத்து வயதுப் பிள்ளையிடம் பத்து வயதுக்குரிய அறிவு இருக்க, அடக்கம் மாத்திரம் ஏழு வயதுக்குரியதாய் இருப்பதேன் என்பதை இதனால் ஓரளவு விளங்கிக்கொள்ளலாம்.

காரணங்களுள் பரம்பரையே பெரியது. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள், இக்கோளாறு உண்டாவதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பரம்பரையைச் சார்ந்தது எனக் காட்டுகின்றன. “நானும் சிறு வயதில் இப்படித்தான்” என்று தகப்பன் சொல்வாராயின் அதில் உண்மை இருக்கலாம். குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மிகக் குறைந்த நிறை, ஈய நஞ்சு ஆகியனவும் இதனுடன் தொடர்புடையன.

ஆகவே, ‘தாய் கொடுத்த செல்லத்தால் வந்த வினை’ என்று உறவினர் சொல்வதில் பொருளில்லை. வீட்டின் சூழ்நிலை கோளாற்றை மிகுவிக்கவோ தணிக்கவோ கூடும், அதனை உண்டாக்குவதில்லை.

இனிப்பினால் வருவதென்னும் எண்ணமும் அத்தகையதே. கட்டுப்பாடான சோதனைகளில், சீனி பிள்ளைகளின் நடத்தையை மாற்றியதாகத் தெரியவில்லை. 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வு சுவையானது. சீனி கலவாத பானத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, “உங்கள் மகனுக்கு நிறையச் சீனி கொடுத்திருக்கிறோம்” என்று சில தாய்மாரிடம் கூறினர். அத்தாய்மார் தம் பிள்ளைகள் மிகவும் துடியாட்டம் செய்வதாக மதிப்பிட்டனர். பிள்ளைகளை விட்டகலாமல் அருகிலேயே நின்று கட்டுப்படுத்தவும் முற்பட்டனர். பிள்ளையைப் பற்றி நாம் முன்கூட்டியே கொண்டுள்ள எண்ணம், நமது கண்ணையும் நாவையும் எவ்வளவு தூரம் மாற்றிவிடுகின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அடித்தால் திருந்துமா?

‘அடியாத மாடு படியாது’ என்பது நம்மவர் பழமொழி. ஆயின், தண்டனைக்குப் பின் நன்னடத்தை வருவதற்கு, அத்தண்டனையின் நினைவு அடுத்த தவறு நிகழும் கணத்திற்கு முன்னால் மனத்தில் தோன்றவேண்டும். அவ்வாறு தோன்றித் தடுத்து நிறுத்தும் பிரேக்கே இப்பிள்ளையிடம் பிந்தி வேலை செய்கின்றது. அடியினால் அவன் கற்பது வேறு: பொய் சொல்லவும், ஒளிக்கவும், தன்னை வெறுக்கவும் கற்கின்றான்.

நமது நாட்டில் பாடசாலைகளில் உடலை வருத்தும் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டில் சுற்றறிக்கை வெளியிட்டது. 2021ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றமும், ஆசிரியர் ஒருவர் மாணவனை அடித்தது அவனது அடிப்படை உரிமையை மீறிய செயலெனத் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு அஞ்சி மாத்திரமன்றி, பயனில்லை என்பதை உணர்ந்தும் பிரம்பைக் கைவிடுதல் நன்று.

அமைதியான பெண்பிள்ளைகள்

ஆண்பிள்ளைகளிடமே இக்கோளாறு மிகுதியாகக் கண்டறியப்படுகின்றது. ஆனால் பெண்பிள்ளைகள் பலர் கண்டறியப்படாமலே வளர்ந்துவிடுகின்றனர் என்பதும் உண்மை. கவனக் குறைவு மாத்திரம் உள்ள பெண்பிள்ளை வகுப்பைக் குழப்புவதில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அமைதியாக இருப்பாள். ‘கனவு காண்கிறாள்’, ‘மந்தம்’ என்று விட்டுவிடுவர். அவளோ மற்றவர்கள் ஒரு மணித்தியாலத்தில் படிப்பதை மூன்று மணித்தியாலம் விழித்திருந்து படித்து, தனது குறையை மறைத்துக்கொண்டிருப்பாள். புத்திசாலியான பெண் ஏன் எப்போதும் களைத்தும் கலங்கியும் இருக்கின்றாள் என்று தாய்மார் சற்றுக் கேட்டுப்பார்க்க வேண்டும்.

அவசர முடிவு ஆகாது

இதுவரை கூறியவற்றை வாசித்துவிட்டு, தம் பிள்ளைக்கு இக்கோளாறுதான் என்று எவரும் வீட்டிலிருந்தே தீர்மானித்துவிடலாகாது. காது மந்தமான பிள்ளையும் சொல்வழி கேளாதவன் போலத்தான் தோன்றும். கண்பார்வை குறைந்த பிள்ளைக்குக் கரும்பலகையில் கவனம் செல்லாது. இரவில் குறட்டைவிட்டு அரைகுறையாகத் தூங்கும் பிள்ளை பகலில் அமைதியிழந்திருக்கும். எழுத்துக் கூட்டி வாசிப்பதில் தனிப்பட்ட இடர்ப்பாடுடைய பிள்ளை புத்தகத்தைக் கண்டால் ஓடும். சில நொடிகள் நினைவிழக்கச் செய்யும் ஒருவகை வலிப்பும் உண்டு. அதுவும் கவனமின்மை போலவே காணப்படும். வீட்டில் சண்டை, மரணம், பிரிவு, பாடசாலையில் பிற மாணவரின் கொடுமை ஆகியனவும் பிள்ளையின் மனத்தைச் சிதறடிக்கும்.

வயதையும் கருதவேண்டும். ஜனவரி 31ஆந் திகதியன்று ஐந்து வயது நிறைவடைந்த பிள்ளைகளையே நமது பாடசாலைகளில் முதலாந் தரத்தில் சேர்க்கின்றனர். ஆதலால் ஜனவரியிற் பிறந்த பிள்ளையும், அதற்கு ஏறக்குறைய ஓராண்டு மூத்த பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்கின்றன. கனடாவின் ஒரு மாநிலத்தில் 2012இல் வெளியான ஆய்வு, வகுப்பில் வயதிற் குறைந்த பிள்ளைகளுக்கே இக்கோளாறு உள்ளதென்று மிகுதியாக முடிவுகட்டப்படுவதைக் காட்டிற்று. இளமையை நோயென்று கருதிவிடக் கூடாதன்றோ?

வைத்தியரிடம் செல்லும்போது

இரத்தப் பரிசோதனையாலோ மூளைப் படத்தாலோ இதனை உறுதிசெய்ய இயலாது. பெற்றோர் கூறுவதையும் ஆசிரியர் கூறுவதையும் கேட்டு, பிள்ளையையும் அவதானித்தே நிபுணர் முடிவுசெய்கின்றார். எனவே, வகுப்பாசிரியரிடம் ஒரு குறிப்பு வாங்கிக்கொண்டு, பிள்ளையின் பழைய தேர்ச்சி அறிக்கைகளையும் எடுத்துச் செல்வது பெரிதும் உதவும். முதலில் குடும்ப வைத்தியரையோ சிறுவர் வைத்திய நிபுணரையோ காணலாம். கொழும்பு பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் மனநலப் பிரிவு உண்டு. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கண்டி ஆகிய நகரங்களின் போதனா வைத்தியசாலைகளிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். ‘மனநலம்’ என்னும் சொல்லைக் கண்டு அஞ்சுவது பெற்றோரின் கூச்சம். அதற்கான விலையைக் கொடுப்பது பிள்ளை.

மருந்தைப் பற்றிய அச்சமும் பலரிடம் உண்டு. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோருக்கான பயிற்சியே முதற்படி. அதற்கு மேற்பட்ட வயதில், பாதிப்பு மிகுதியாயின் மெதைல்பெனிடேற் போன்ற மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. இது 1944இல் சுவிற்சர்லாந்தில் உருவாக்கப்பட்டது. ஊக்க மருந்து துடியாட்டத்தை அடக்குவது விந்தையாகத் தோன்றலாம். அது ஊக்குவிப்பது மூளையின் பிரேக்கை என்று எண்ணிக்கொண்டால் விந்தை நீங்கும். பசி குறைதல், நித்திரை பிந்துதல் போன்ற விளைவுகள் உண்டாகலாம். ஆதலால் நிறை, உயரம், இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு ஆகியவற்றை வைத்தியர் காலத்துக்குக் காலம் பார்ப்பார். நிபுணரின் கட்டளையின்றித் தொடங்குவதும், அளவை மாற்றுவதும், பரீட்சைக் காலத்தில் வேறு பிள்ளைக்குக் கொடுத்துப் பார்ப்பதும் அறவே தகாதவை.

மருந்து நோயை மாற்றிவிடும் என்றும் எதிர்பார்க்கக்கூடாது. மூக்குக்கண்ணாடி கண்ணை மாற்றுவதில்லை; அணிந்திருக்கும்வரை எழுத்தைத் தெளிவாகக் காட்டுகின்றது. வட அமெரிக்காவில் 579 பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 1999இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில், கவனமாகக் கொடுக்கப்பட்ட மருந்து அறிகுறிகளை நன்கு தணித்தது. பெற்றோர் பயிற்சியும் சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்தே போதியதாயிற்று. மூன்று ஆண்டுகளின் பின் பார்த்தபோது பலவகைச் சிகிச்சைகளுக்கிடையேயிருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. தொடர்ந்த பராமரிப்பே வேண்டும் என்பது இதன் பாடம்.

வீட்டிலும் வகுப்பிலும்

பிள்ளையின் உள்ளேயில்லாத ஒழுங்கை வெளியே அமைத்துக் கொடுப்பதே பெற்றோரின் பணி. கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அடுக்களையிலிருந்து கூப்பிட்டுச் சொல்லாமல், அருகிற் சென்று, பெயர் சொல்லி, முகம் பார்த்துச் சொல்லுங்கள். காலையில் செய்யவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி, அல்லது படமாக வரைந்து, சுவரில் ஒட்டிவையுங்கள். நேரம் என்பது இப்பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியாத பொருள். மணிக்கூட்டை எதிரே வைத்து, 15 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று பகுத்துக்கொடுங்கள். தொலைக்காட்சிக்கும் யன்னலுக்கும் முதுகு காட்டி அமரச் செய்யுங்கள்.

வெகுமதி உடனே கிடைத்தல் வேண்டும். ‘புலமைப்பரிசிலில் சித்தியெய்தினால் சைக்கிள்’ என்பது இப்பிள்ளைக்கு அடுத்த பிறவியில் தருவதாகச் சொன்ன பொருள்போலத்தான். ஐந்து கணக்கு முடிந்தவுடன் ஒரு நல்ல வார்த்தையும், பத்து நிமிட விளையாட்டும் அதைவிடப் பலன் தரும். தண்டிக்க வேண்டியிருந்தால், அது சிறியதாயும், உடனடியானதாயும், ஒவ்வொரு முறையும் ஒரே விதமாயும் இருக்கட்டும். ஓடியாடும் விளையாட்டை மாத்திரம் தண்டனையாக நிறுத்தாதீர்கள். அது அவனுக்கு உணவைப் போன்றது. நித்திரை குறையாமற் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா ஒரு விதியும் அம்மம்மா வேறு விதியும் வைத்திருந்தால் பிள்ளை தடுமாறும். வீட்டார் எல்லாரும் கலந்து பேசி ஒன்றையே கடைப்பிடியுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இப்பிள்ளையை முன்வரிசையில், அமைதியான பிள்ளையொன்றின் அருகில் அமர்த்துங்கள். நீண்ட வேலையைச் சிறு துண்டுகளாகக் கொடுங்கள். கொப்பிகளைப் பகிர்ந்தளிக்கவும் கரும்பலகையைத் துடைக்கவும் அவனை எழுப்புங்கள். அசையவேண்டிய உடலுக்கு மதிப்பான வேலை கிடைத்துவிடும். பிழையைச் சுட்டுவதற்கு வகுப்பார் முன்னிலையில் பெயர் சொல்லி அழைக்காமல், மேசையை மெல்லத் தட்டுவதுபோன்ற இரகசியக் குறிப்பொன்றை அவனோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்பகுதியை வாசிக்கும் மாணவர்கள் தம்மிடமே இவ்வறிகுறிகளைக் கண்டால் பெற்றோரிடமோ நம்பிக்கையான ஆசிரியரிடமோ வெளிப்படையாகப் பேசவேண்டும். வயது ஏற உடலின் துடிப்பு அநேகமாகக் குறையும். கவனக் குறைவோ பலரிடம் பெரியவர்களான பின்னும் தொடரும். உதவி கேட்பது குறைவன்று. வகுப்பில் இத்தகைய நண்பன் இருந்தால் அவனை எள்ளி நகையாடாமல், மறந்துபோன வீட்டுப்பாடத்தை நினைவூட்டுவது நல்ல தோழமை.

வாசகர்களுக்கு இறுதியாக ஒன்று. பிள்ளை தன்னைப் பற்றிய தீர்ப்பைத் தானே எழுதிக்கொள்வதில்லை. நம் வாயிலிருந்து வரும் சொற்களைச் சேர்த்து வைத்தே எழுதிக்கொள்கின்றது. ‘நான் கெட்டவன், நான் முட்டாள்’ என்று பத்து வயதில் எழுதப்பட்ட தீர்ப்பை நாற்பது வயதிலும் அழிப்பது கடினம். பிந்தி முதிரும் அடக்கம் என்றோ ஒரு நாள் முதிரலாம். உடைந்த தன்மதிப்பு அவ்வாறு தானாக வந்து சேர்வதில்லை. ஆகவே, அடுத்த முறை புத்தகப்பையை மறந்துவிட்டுப் பிள்ளை படலைவரை போய்த் திரும்பி வரும்போது, ‘பொறுப்பில்லாதவன்’ என்னும் சொல் நாநுனியில் எழுமுன் சற்று நில்லுங்கள். பையை எடுத்துக் கையிற் கொடுத்து, “நாளைக்கு இதனை வாசற்படியிலேயே வைப்போம்” என்று சொல்லுங்கள். அவன் மறக்காமலிருப்பதற்கு ஒரு வழியும், தன்னை வெறுக்காமலிருப்பதற்கு ஒரு காரணமும் அந்தச் சிறு வாசகத்தில் இருக்கின்றன.